எட்டு விரல் வித்வான்

டாம் பூனைக்கு ஒரு கையில் நான்கே விரல். கட்டைவிரலையும் சேர்த்துத்தான். இரண்டு கையையும் எண்ணினால் எட்டு. பத்து விரலையும் வருடக்கணக்கில் பழக்கிய பியானோ வித்வான்களையே வியர்க்கவைக்கும் உருப்படி ஒன்று உண்டு: ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி. அதை எட்டு விரலால் டாம் வாசிக்கிறான். ஏழு நிமிடச் சொச்சம் ஓடும் அந்தக் கச்சேரியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று புதிதாகக் கண்ணில் படுகிறது. ஒருநாள் ஒரு புருவம், இன்னொரு நாள் ஒரு மணிக்கட்டு.

படத்தின் பெயர் 'தி கேட் கான்சர்ட்டோ'. அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கார்ட்டூன் கூடத்தில் வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பராவும் இயக்கியது. 1947இல் வெளிவந்தது, 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது. 1940 முதல் 1958 வரை டாமையும் ஜெர்ரி எலியையும் வைத்து அந்த இருவரும் செய்த குறும்படங்கள் 114. வாங்கிய ஆஸ்கர்கள் ஏழு. அத்தனையிலும் இந்த ஒன்றைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ளத் தோன்றுவதற்குக் காரணம், இது கைகளைப் பற்றிய படம். கையால் வரைந்த கைகள் வாசிக்கிற படம். கையால் வரைந்த பழைய கார்ட்டூன்களின் அழகு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் இந்தப் படத்தைப் போட்டு டாமின் மணிக்கட்டைக் காட்டுவேன்.

முதலில் அவன் மேடைக்கு வருகிற அழகைப் பார்க்க வேண்டும். பின்னால் வால் தொங்கும் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, ஒளிவட்டம், கைத்தட்டல். மற்றப் படங்களில் நாம் பார்க்கிற டாம் சமையலறைத் தரையில் சறுக்கி விழுபவன், வாணலியால் அடிவாங்கி அலறுபவன். இங்கே நடையே வேறு. அவசரம் கிடையாது. தலைவணங்குவதிலும் ஓர் அளவு இருக்கிறது. முகவாய் சற்றே உயர்ந்து, இமை பாதி இறங்கி, உலகத்தில் தானும் பியானோவும் மட்டுமே இருப்பதுபோல உட்காருகிறான். பெருமிதம் என்ற மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொன்ன தொல்காப்பியர், அவற்றுள் முதலாவதாகக் கல்வியை வைத்தார். டாமின் முகத்தில் இருப்பது அந்தப் பெருமிதம்தான். பணத்தினால் வந்ததும் இல்லை, பலத்தினால் வந்ததும் இல்லை. கற்றவனுக்கு வருவது. ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு இமைக்கோடுகளின் சாய்வில் அதை வரைந்துவிட்டார்கள்.

பிறகு கை எழுகிறது. உலக்கை போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உலக்கை எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு பலம் அது விழும்போது இருக்கும். அதை மேலே கொண்டுபோகிற அந்தக் கணத்தில்தான் குத்தின் கனம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய அனிமேஷன்காரர்கள் இந்த நியாயத்தை வேதமாக வைத்திருந்தார்கள். ஓடப்போகிறவன் முதலில் பின்னுக்குச் சாய்வான். குதிக்கப்போகிறவன் முதலில் பதுங்குவான். டாமின் கையும் கட்டையில் விழுவதற்கு முன் மேலே போய் ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணத்துக்காக நாமும் மூச்சைப் பிடிக்கிறோம். வெறும் கோடும் வண்ணமுமான ஒன்றுக்கு அப்போது எடை வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் இந்தப் படத்தை அவருக்குக் கைபேசியில் காட்டினேன். ஜெர்ரியின் சேட்டைகளுக்குச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜெர்ரியைக் கவனிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையைப் பாருங்க சார், கட்டையைத் தேடவே இல்ல" என்றார்.

எவ்வளவு பெரிய பாராட்டு அது! சினிமாவில் வீணை வாசிப்பதாக நடிப்பவர்களின் விரல் பெரும்பாலும் பாட்டோடு ஒட்டுவதில்லை. உயிருள்ள நடிகருக்கே கைவராத ஒன்று இந்தப் பூனைக்குக் கைவந்திருக்கிறது. ஸ்வரம் தாழ்ந்தால் கை இடப்பக்கம் போகிறது, உச்சத்துக்கு ஏறினால் வலப்பக்கம். அதுவும் ஒரே துண்டாகப் போவதில்லை. தோள் முதலில் சாய்கிறது, முழங்கை அதன் பின்னால் வருகிறது, மணிக்கட்டு மடங்குகிறது, விரல் கடைசியில் வந்து இறங்குகிறது. காற்றில் ஆடும் துணியின் நுனி எப்போதும் சற்றுத் தாமதமாக ஆடுவதுபோல, உடம்பின் ஒவ்வொரு பாகமும் தனக்கு முந்தைய பாகத்துக்குக் காத்திருந்து அசைகிறது. டீச்சரின் கண்ணுக்குத் தப்பாதது இந்த ஒழுங்குதான்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஏழு நிமிடத்துக்கு 10,080 பிரேம். சாதாரண அசைவுக்கு ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தலாம். நொடிக்குப் பன்னிரண்டு படம் போதும். விரல் பறக்கிற இடத்தில் அது போதாது. பிரேமுக்கு ஒரு படம் வேண்டும். எந்த பிரேமில் எந்த ஸ்வரம் விழுகிறது என்று இசையைத் தாளம் தாளமாகப் பிரித்து, கட்டம் போட்ட தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் வரைபவர்கள் பென்சிலை எடுப்பார்கள். ஹானாவுக்கு இந்த நேரக்கணக்கு கைவந்த கலை. பார்பராவுக்கு நகைச்சுவையை யோசித்துப் படக்கதையாக வரைவது கைவந்த கலை. இசைப் பொறுப்பு ஸ்காட் பிராட்லியுடையது. கென்னத் மியூஸ், எட் பார்ஜ், இர்வென் ஸ்பென்ஸ் முதலானவர்கள் அசைவுகளை வரைந்தார்கள். லிஸ்ட் அந்த ராப்சடியைப் படைத்தது 1847இல். சரியாக நூறு வருடம் கழித்து, அதன் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பூனையின் விரல் பதில் சொல்லியது.

இனி ஜெர்ரியிடம் வருவோம். அவன் பியானோவுக்குள் தூங்குகிறான். எங்கே படுத்திருக்கிறான் என்பதுதான் நயம். பியானோவின் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு நெம்புகோல் எழும்பி, கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் ஒன்றைத் தந்தியின்மேல் அடிக்கும். அந்தச் சுத்தியல்களின் வரிசைதான் ஜெர்ரிக்கு மெத்தை. டாம் வாசிக்க வாசிக்க, ஜெர்ரியின் கீழே மெத்தை அலை அடிக்கிறது. சுத்தியல்கள் கண்டபடி துள்ளவில்லை. காதில் விழும் ஸ்வரம் எந்த வரிசையில் ஏறுகிறதோ அந்த வரிசையில் எழுகின்றன. தூளியில் கிடக்கும் குழந்தையை யாரோ வேகம் தெரியாமல் ஆட்டினால் எப்படி விழிக்குமோ அப்படி ஜெர்ரி விழிக்கிறான். இசை நம் காதுக்கு வருவதற்கு முன்னால் மரத்தையும் கம்பளியையும் கம்பியையும் கடந்துதான் வருகிறது என்பதை, சொல்லித்தராமலே இந்தக் காட்சி சொல்லித்தந்துவிடுகிறது. பியானோவின் உள்ளுறுப்பை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சுண்டெலியின் படுக்கையாகத்தான்.

விழித்தவன் பியானோமேல் ஏறி உட்கார்ந்து, டாமுக்கே தாளம் போட்டு நடத்துவதுபோல் கையசைக்கிறான். டாம் ஒரு சுண்டு சுண்டித் தள்ளிவிட்டு வாசிப்பைத் தொடர்கிறான். ஜெர்ரி ஒரு கட்டைக்கு அடியிலிருந்து தலையை நீட்டுகிறான். அந்தக் கட்டையையே டாம் திரும்பத் திரும்ப அடித்து அவனை நசுக்குகிறான். பிறகு கையை எடுக்கிறான். எடுத்த பிறகும் பியானோ தானாகவே வாசிக்கிறது! உள்ளே எட்டிப்பார்த்தால் ஜெர்ரி சுத்தியல்களை ஆட்டிக்கொண்டிருக்கிறான். இத்தனை சண்டையிலும் ராப்சடி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அடியும் உதையும் ஸ்வரத்தோடு ஸ்வரமாகக் கலந்துவிடுகின்றன. எது சண்டை, எது சங்கீதம் என்று பிரித்தெடுக்க முடியாதபடி பின்னியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கத்தரிக்கோல் வருகிற இடம். பியானோவின் இடக்கோடியில் ஒரு கட்டை. அதைத் தொட டாமின் விரல் வரும்போதெல்லாம் ஜெர்ரி கத்தரிக்கோலை விரித்துப்பிடித்துக் காத்திருக்கிறான். விரல் வருகிறது, தொடுகிறது, போகிறது. கத்தரி வெறும் காற்றை வெட்டுகிறது. ஆறு முறை. ஆறு முறையும் நமக்குப் பதற்றம். ஆறு முறையும் விரல் தப்பிவிடுகிறது. தப்புவது அதிர்ஷ்டத்தால் அல்ல, தாளத்தால். டாம் தாளத்துக்குள் இருக்கிறான், ஜெர்ரி தாளத்துக்கு ஒரு நூல் பிந்துகிறான். சுத்தமாக வாசிப்பவனை யாரும் தொடமுடியாது என்பதுபோல் அந்த விரல் வந்துவந்து போகிறது. அப்புறம் ஜெர்ரி உத்தியை மாற்றுகிறான். கட்டைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலிப்பொறியை வைக்கிறான். டாமின் விரல்கள் பொறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுத்தொட்டுப் போகின்றன. நாம் அறிவோம், ஜெர்ரி அறிவான், விரலுக்கு மட்டும் தெரியாது. எத்தனை முறை தப்பினால் சிரிப்பு, எத்தனையாவது முறை தப்பினால் சலிப்பு என்று எல்லை அறிந்தவர்கள் செய்த வேலை இது. அடுப்பிலிருந்து பாகை எப்போது இறக்குவது என்று தெரிந்தவர்களின் பக்குவம். சரியான பதத்தில் பொறி விழுகிறது.

எலி எலிப்பொறி வைத்துப் பூனையைப் பிடிக்கிற விநோதத்தையும் விட்டுவிடக் கூடாது. எத்தனையோ படங்களில் டாம் ஜெர்ரிக்கு வைத்த பொறி, இன்று திசை திரும்பியிருக்கிறது.

பொறி விழுந்ததும் ஜெர்ரி சுத்தியல்கள்மேல் ஏறி ஆட, ராப்சடி சட்டென்று விலகி, அப்போது பிரபலமாக இருந்த ஒரு சினிமாப் பாட்டாக மாறுகிறது. எம்.ஜி.எம்.மின் 'தி ஹார்வி கேர்ள்ஸ்' படத்தில் வந்த ரயில் பாட்டு அது. கனமான ராகத்தின் நடுவே ஒரு கணம் தெருவிலிருந்து துள்ளலான மெட்டு ஒன்று ஜன்னல் வழியாக வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவதுபோல் இருக்கும். சிறிது நேரம்தான். மீண்டும் லிஸ்ட் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, ஒரே ஒரு பிரேமை மட்டும் உற்றுப் பார்க்கலாம். அந்த ஒரு படத்தை எத்தனை கை தொட்டிருக்கும்? முக்கியமான நிலைகளைத் தலைமை ஓவியர் பென்சிலால் வரைவார். இடையில் வரும் நிலைகளை உதவியாளர்கள் நிரப்புவார்கள். பிறகு அது மை தீட்டும் கூடத்துக்குப் போகும். செல் எனப்படும் கண்ணாடி போன்ற தாளைப் பென்சில் ஓவியத்தின்மேல் வைத்து, கூரிய பேனா முள்ளால் கோட்டை எடுப்பார்கள். அந்தக் கோடு ஒரே தடிமனில் போனால் உயிர் இருக்காது. வளைவில் பருத்து, முடிவில் மெலிய வேண்டும். மை காய்ந்ததும் செல்லைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்திலிருந்து வண்ணம் நிரப்புவார்கள். முன்பக்கத்திலிருந்து பார்க்கும் நமக்குத் தூரிகையின் தடம் தெரியாது. வழவழவென்று ஒரே சமமாக வண்ணம் நிற்கும். பல செல்களை அடுக்கிப் படம் எடுக்கும்போது அடியிலிருக்கும் செல்லின் வண்ணம் சற்று மங்கும். அதை ஈடுகட்ட, அடுக்குக்கு அடுக்கு வண்ணத்தின் சாயலை நூலளவு மாற்றிக் கலப்பார்கள். டாமின் கைக்கு நாம் பார்ப்பது ஒரே வெள்ளை. அவர்களுக்கு அது பல வெள்ளை.

ஹாலிவுட் கார்ட்டூன் கூடங்களில் இந்த மை வேலையையும் வண்ண வேலையையும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். செல்லில் விரல்ரேகை விழாமலிருக்கப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். படத்தின் தொடக்க அட்டையில் அவர்கள் பெயர் வராது. வேலை முடிந்த செல்களைப் பல கூடங்களில் கழுவி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டதும் உண்டு. ஒரு பியானோ ஸ்வரம் காற்றில் கரைவதுபோல அந்த ஓவியங்கள் தண்ணீரில் கரைந்தன. பிலிமில் பதிந்ததுதான் மிச்சம். வாசலில் காலையில் போட்டு மாலைக்குள் கலைந்துவிடும் கோலத்தில் நம் பெண்கள் காட்டும் கவனத்தை நினைத்துக்கொள்கிறேன். நிலைக்காது என்று தெரிந்தும் புள்ளி பிசகாமல் இழை இழுக்கிற கை அது.

செல் வருவதற்கு முன் இந்த வேலை இன்னும் கடினமாக இருந்தது. வின்சர் மெக்கே 1914இல் 'ஜெர்ட்டி' என்ற டைனோசரை நடக்கவைத்தபோது, பின்னால் உள்ள மலையையும் கல்லையும்கூட ஒவ்வொரு தாளிலும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அந்தப் பின்னணியை ஓர் இளம் ஓவிய மாணவர் தாள் தாளாகத் திரும்ப வரைந்தார். ஒரு தாளில் விழுந்த கோடு அடுத்த தாளில் அப்படியே விழாதல்லவா? அதனால் ஜெர்ட்டி நிற்கும்போது அதைச் சுற்றியுள்ள மலையும் மெல்ல நடுங்குகிறது. எனக்கு அந்த நடுக்கம் பிடிக்கும். கை ஓய்வெடுக்காமல் வேலை செய்ததற்கு அது சாட்சி. அதே 1914இல் ஏர்ல் ஹர்ட் செல் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பின்னணியை ஒருமுறை நிதானமாகத் தீட்டி வைத்துவிட்டு, அசைகிறவர்களை மட்டும் மேலே மாற்றி மாற்றி வைக்கும் வழி பிறந்தது. அதனால் இன்னொரு அழகும் சேர்ந்தது. பின்னணி நீர்வண்ணம்போல் மென்மையாக இருக்கும். அசையப்போகும் பொருள் மட்டும் அதில் ஒட்டாமல் சற்றுத் தெளிவாகத் தனித்து நிற்கும். எந்தக் கதவு திறக்கும், எந்தக் கல் விழும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ரகசியத்தைக் கண்ணால் பிடித்துவிட்ட அந்தக் குதூகலமும் பழைய கார்ட்டூன் தரும் சுகங்களில் ஒன்று.

கச்சேரிக்குத் திரும்புவோம். லிஸ்ட்டின் ராப்சடி இரண்டு பகுதியாக நடக்கும். முதலில் லஷான், நம் வழக்கில் சொன்னால் விளம்ப காலம், கனமும் ஏக்கமும் கலந்தது. பிறகு ஃபிரிஷ்கா, துரித காலம், கால் தரையில் நிற்காத ஆட்டம். படமும் அதே வழியில் போகிறது. விளம்பத்தில் டாமின் பெருமிதம். துரிதத்தில் அந்தப் பெருமிதம் இழை இழையாகப் பிரிவது. இடையில் கை இரண்டும் ஜெர்ரியைத் தேட, கால்கள் பியானோ வாசிக்கின்றன. ஜெர்ரி இருக்கையின் திருகாணியைச் சுற்றி டாமை உயரத் தூக்கி, தடாலென்று கீழே விடுகிறான். அதுவரை அடக்கிவைத்திருந்த வெகுளி அப்போதுதான் டாமின் முகத்தில் முழுசாக ஏறுகிறது. ஜெர்ரியைச் சுத்தியல்களுக்கு நடுவே திணித்துவிட்டு வெறிகொண்டு வாசிக்கிறான். சுத்தியல்கள் ஜெர்ரியை அடித்துத் துவைக்கின்றன. அப்போதும் வாசிப்பு நிற்கவில்லை. சபை எதிரில் இருக்கிறது, உருப்படி முடியவில்லை, முடிக்காமல் எழக் கூடாது. வித்வானுக்குரிய அந்தத் தர்மத்தைக் கடைசிவரை கைவிடாததால்தான் டாமின்மேல் நமக்கு மதிப்பு வருகிறது.

பொறுத்துப் பார்த்த ஜெர்ரி இரண்டு சுத்தியல்களை ஒடித்துக் குச்சியாக்கிக்கொண்டு, தந்திகள்மேல் தானே முத்தாய்ப்பை வாசிக்கத் தொடங்குகிறான். டாம் ஈடுகொடுக்க வேண்டும். முடிந்துவிட்டது என்று டாம் சாய்கிறான். முடியவில்லை, ஜெர்ரி மறுபடி எடுக்கிறான். இன்னொரு முறை சாய்கிறான்; அதுவும் முடிவில்லை. மேடைக்கு வந்தபோது மடிப்புக் கலையாமல் இருந்த அந்த உடையும் உடம்பும் இப்போது துவண்டு கிடக்கின்றன. மெய்யான முடிவு வரும்போது டாம் சரிந்துவிடுகிறான். கைத்தட்டல் எழுகிறது. ஒளிவட்டம் நகர்ந்து ஜெர்ரியின்மேல் விழுகிறது. அவன் எல்லாப் பாராட்டையும் வாங்கிக்கொள்கிறான்.

அந்த ஒளிவட்டம் விழாத இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே எட்டு விரல்கள் ஓய்ந்து கிடக்கின்றன. அவற்றை வரைந்த விரல்களும், கோடெடுத்த விரல்களும், பின்பக்கம் வெள்ளை நிரப்பிய விரல்களும் அந்த இருட்டில்தான் இருக்கின்றன.

சென்ற மாதம் டீச்சர் வீட்டு வழியாகப் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கீபோர்டு முன்னால் முதுகை நிமிர்த்தி, முகவாயை உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள். கையை மேலே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு இறக்கினாள். எனக்குத் தெரிந்த கை அது. டீச்சர் உற்றுப் பார்த்துவிட்டு, "சுண்டுவிரலை ஏன் மடக்கி வச்சிருக்கே?" என்று கேட்டார்.

"டாமுக்கு அந்த விரல் கிடையாது மிஸ்" என்றாள் அவள்.

டீச்சர் அந்த விரலை நிமிர்த்தவில்லை. "சரி, இந்த ஒருதடவை அப்படியே வாசி" என்றார்.